டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

ஜூன் 3, செவ்வாய்

“கொஞ்சம் சத்தமா பேசுங்க மாரிச்செல்வி.”

இன்றைய நேர்காணலில் எனக்கு நினைவிருப்பது இந்த ஒரு வரிதான். நிவேதன் சார் கோபமாகச் சொல்லவில்லை. போனில் என் குரல் விழவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் “ஓகே சார்” என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ‘ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.’

மைக் மாரியப்பன் என்றால் கோவில்பட்டியில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சேதி சொல்லிப் போவார். நகைக்கடை திறப்பு, குடிதண்ணீர் வராத நாள், காணாமல் போன குழந்தை, இறந்தவரின் பெயரும் எடுக்கிற நேரமும். தை மாதம் திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் இப்போது மூச்சு. அதன் மேல் அம்மா வெள்ளைத் துணி கட்டிவிடுகிறாள். அப்பாவுக்குக் குரல் போய்விட்டது. எனக்கு வந்ததே இல்லை.

வேலை கோயம்புத்தூரில். கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு குறைவு, டைப் அடிப்பதுதான் அதிகம் என்று ஜெனிட்டா அக்கா சொன்னதால்தான் விண்ணப்பித்தேன். அக்கா கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். அடுத்த தெருவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள்.

அடுத்த கட்டம் செய்முறைத் தேர்வு, பதினொன்றாம் தேதி. என் லேப்டாப்பில், அவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்க, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை நானே நிறுவ வேண்டும். பட்டனை அழுத்தினால் தானாக ஏறிக்கொள்ளும் லினக்ஸ் இல்லை. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அடித்து ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து, ஃபார்மட் செய்து, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். குறிப்பு எதையும் பார்க்கக் கூடாது.

பார்க்காமல் எழுதுவது எனக்கு வரும். பட்டமே அப்படித்தான் வாங்கினேன்.

ஜூன் 5, வியாழன்

காலையில் அப்பாவின் துணி மாற்றினேன். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை. மதியத்துக்கு மேல் ஜெனிட்டா அக்கா வீட்டில் பழகினேன்.

அக்காவின் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினி இருக்கிறது. அதற்கு ஒரு பொய் ஹார்ட் டிஸ்க். எத்தனை தடவை அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, கணினி எழுந்திருப்பதற்கு. இரண்டு, நினைவகம் போதாதபோது உதவிக்கு. மூன்று, லினக்ஸ் குடியிருப்பதற்கு. மூன்றை ஃபார்மட் செய்துவிட்டு அதில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும்.

நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடிப்பதைப் பார்த்து அக்கா சிரித்தாள். “ஏட்டி, இது என்ன திருக்குறளா? மனப்பாடம் பண்ணாத. திரையில என்ன வருதுன்னு பாத்துப் பாத்து அடி.”

“பாத்தா பயம் வந்துருதுக்கா. பாக்காம அடிச்சா கை தானா போகுது.”

“கை போகும். எங்க போகுதுன்னு பாக்க வேண்டாமா?”

அக்காவின் அப்பாவுக்குப் பேங்கில் வேலை. அவள் சின்ன வயதிலிருந்தே புரிந்து படித்தவள்.

ஜூன் 8, ஞாயிறு

லினக்ஸை ஏற்ற ஒரு பென்டிரைவ் வேண்டும். வீட்டில் இருப்பது அப்பாவுடையது மட்டும்தான். ஆட்டோ சாவியோடு சேர்த்துக் கட்டியிருந்த சிவப்புப் பென்டிரைவ். அப்பாவின் அறிவிப்புகள் எல்லாம் அதில்தான். தொண்டை கட்டிய நாட்களில் அதை ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஓடவிடுவார். நான் கேட்டதும் சாவியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சிலேட்டில் எழுதினார்: ‘உள்ளே இருக்கிற ஆளைப் பத்திரமாக இறக்கிவிடவும்.’

எல்லாவற்றையும் லேப்டாப்பின் டி டிரைவுக்கு மாற்றினேன். சரியாக ஓடுகிறதா என்று தண்ணீர் வராத அறிவிப்பை மட்டும் போட்டுப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். முடிந்ததும் திரும்பிப் போனாள்.

அம்மாவுக்குக் கணினி தெரியாது. டி தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ராஜகனி அண்ணன் சொல்லிக்கொடுத்தது. “சி-ல இருக்கிறது எப்ப வேணாலும் போகும் மதினி. டி-ல போட்டு வச்சீங்கன்னா பீரோல வச்ச மாதிரி.” அதிலிருந்து என் சான்றிதழ், ஆதார், அப்பாவின் ஸ்கேன் படம், எதைக் கேட்டாலும் அம்மா சொல்வது, “டி-ல இருக்கும், பாரு.”

பழைய பெயரை மாற்றி, அந்த டிரைவுக்கே ‘அப்பா’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். தவறிக்கூடக் கை படக் கூடாது என்பதற்காக.

அந்த அறிவிப்புகளுக்கு நடுவில் ‘தாயிக்கு’ என்று ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா ஆட்டோவின் படுதாக்களை இறக்கிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்து பதிவு செய்தது. அம்மாவையும் என்னையும் கடைக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார், “இப்பக் கேக்காத தாயி. வேலை கெடச்ச அன்னைக்குக் கேளு. அதுக்கு முந்திக் கேட்டேன்னா அழுதுட்டுக் கெடப்ப.” அப்போதே குரல் பாதிதான் இருந்தது.

நான் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று அம்மா நினைக்கிறாள்.

கல்லூரி வாசலில் வரும்போது அப்பா ஆட்டோவை மெதுவாக்கி ஒரு அறிவிப்பை இரண்டு தடவை சொல்வார். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே நான் நூலகத்துக்குள் போய்விடுவேன்.

பென்டிரைவை அழித்து லினக்ஸை ஏற்றிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

ஜெனிட்டா அக்கா என் லேப்டாப்பைப் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்தாள். பொய்க் கணினி மாதிரி இது காலியானது இல்லை. ஏற்கெனவே இதில் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று, சின்னது. இரண்டு, சி. மூன்று, டி. லினக்ஸில் சி, டி என்ற பேச்சே கிடையாது, எண்கள்தான். இரண்டை அழித்து அந்த இடத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். புதிதாக வருவதற்கு நான்கு என்று எண் விழும். நான்கில்தான் லினக்ஸ். மூன்றைத் தொடவே கூடாது.

“வெளிய ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டியா?”

“டி-ல இருக்குக்கா.”

“அந்த டிஸ்க்லதான வேலை பாக்கப் போற?”

“டி-யத் தொடப்போறதில்லையே.”

அக்காவுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜெனிட்டா அக்காவின் போனைச் செங்கல் மேல் நிறுத்தித் திரை தெரியும்படி வைத்தேன். என் போனிலிருந்து நெட். அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டு, கேமராவில் தெரியாத மூலையில் உட்கார்ந்துகொண்டார். இருமல் வந்தால் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டார்.

நிவேதன் சார், “கேன் யூ எக்ஸ்ப்ளெய்ன்?” என்றார். வாய் வரவில்லை. “சரி, செஞ்சு காட்டுங்க” என்றார். செய்து காட்டினேன். முதல் கட்டளைதான் தடுமாறியது. அதற்குப் பிறகு கை தானாகப் போனது. இடையில் அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ, “பாருங்க, கை நிக்கவே இல்ல” என்று சொன்னது கேட்டது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை.

லேப்டாப்பை நிறுத்தி, பென்டிரைவை எடுத்துவிட்டு, மறுபடி போட்டதும் என் பெயரோடு லினக்ஸ் எழுந்து நின்றது. அப்பா கை தட்டினார். இப்போது அவரிடம் மிச்சமிருக்கும் பெரிய சத்தம் அதுதான்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் அப்பாவே சிலேட்டில் அறிவித்தார்: ‘பொதுமக்கள் கவனத்திற்கு. தேர்வு இனிதே முடிந்தது. காபியில் சீனி போடவும்.’

பிறகு டி-யைத் திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உடனே தெரியவில்லை. லினக்ஸ் அதை வேறு இடத்தில் காட்டும். நாளை பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

டி இல்லை.

ஜூன் 13, வெள்ளி

என்ன நடந்தது என்று எழுதிவைக்கிறேன். எழுதினால் புரியும் என்று பள்ளியில் சொல்வார்கள்.

இரண்டை அழித்தேன். சரி. அந்த இடத்தை இரண்டாகப் பிரித்தேன். சரி. நான்கு என்று எண் விழுந்தது. சரி. அடுத்து ஃபார்மட் செய்யும் கட்டளை. அங்கே நான்கு என்று அடிக்க வேண்டியவள் மூன்று என்று அடித்திருக்கிறேன். பொய்க் கணினியில் அத்தனை தடவையும் மூன்றுதான். என் மனப்பாடத்தில் நான்கு என்ற எண்ணே இல்லை. பிறகு மூன்றின் மேலேயே லினக்ஸ் முழுவதையும் ஏற்றியிருக்கிறேன். நான்கு இன்னும் காலியாகக் கிடக்கிறது.

நிவேதன் சாருக்கு மூன்றில் என்ன இருந்தது என்று தெரியாது. அவர் பார்த்தவரை எல்லாம் சரி.

எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. அது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாதாரணமாக ஒரு படத்தை அழித்தால்கூட ‘நிச்சயமாகவா’ என்று கேட்கிற கணினி, இதைக் கேட்கவில்லை.

அப்பா இன்று சாப்பிடவில்லை. விழுங்கும்போது வலிக்கிறது என்று கையால் காட்டினார். திங்கள்கிழமை திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

ஜூன் 14, சனி

ராஜகனி அண்ணன் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனேன். கூட்டம் குறையும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன பாப்பா, அப்பா எப்படி இருக்காரு? சத்தம் இல்லாம ஊரே வெறிச்சோடிக் கெடக்கு.”

“நல்லாருக்காங்க. அண்ணே, டி போயிருச்சு.”

“டி எங்க போகும்? சி-தான் போகும்.” லேப்டாப்பைத் திறந்தவர் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன இது, கோயில் சுவர் மாதிரி கறுப்பா? விண்டோஸ் எங்க?”

“லினக்ஸ் போட்டுட்டேன். இதுல டி கிடையாதுண்ணே.”

“டி இல்லாம எப்படிக் குடும்பம் நடத்துறாங்க?”

அவர் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் பயந்துபோய்க் கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னார்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவருடைய கணினியில் மாட்டி, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். பட்டியலில் பெயரில்லாத ஒலிக் கோப்புகள் கொஞ்சம் வந்தன. ஒவ்வொன்றாகப் போட்டோம். கரகரப்பு. மறுபடியும் கரகரப்பு. ஒன்றில் மட்டும் கரகரப்புக்கு நடுவே ‘...மக்களே’ என்று வந்தது. பாதிச் சொல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

“ஃபார்மட் மட்டும் பண்ணிருந்தா எடுத்துரலாம் பாப்பா. மேல வேற சரக்கை ஏத்திட்டியே.”

நான் எழுந்தபோது கேட்டார், “என்ன இருந்துச்சு அதுல?”

“போட்டோதாண்ணே” என்றேன்.

ஜூன் 16, திங்கள்

திருநெல்வேலி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினோம்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் உறவினரை மட்டும் கூப்பிட்டார். நான் எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். “நீ அப்பாகூட இரு தாயி.” வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவள் அம்மா. இன்று தனியாக உள்ளே போனாள்.

அப்பாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அப்பா சிலேட்டில், ‘நல்ல தொண்டை. எதிர்காலம் உண்டு’ என்று எழுதிக் காட்டினார்.

அம்மா வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள். மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் அறிக்கை இருந்த பெரிய கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கள் பீரோவுக்கு அதுவரை பூட்டு போட்டதில்லை. இந்த வீட்டில் அந்த இங்கிலீஷைப் படிக்கக்கூடியது நான் ஒருத்திதான்.

ஜூன் 17, செவ்வாய்

பயத்தங்கஞ்சி காய்ச்சினேன். அப்பா பாதி டம்ளர் குடித்தார்.

ஊரில் வேறு யாரிடமாவது அப்பாவின் பதிவு இருக்குமா என்று தேடப் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ‘தாயிக்கு’ வேறு எங்கும் இருக்க முடியாது. ஆனாலும் அந்தக் குரலாவது.

நகைக்கடையில் இப்போது சினிமா நடிகை பேசிய விளம்பரம். நகராட்சியில் மைக்செட்காரரைக் கேட்கச் சொன்னார்கள். மைக்செட்காரர், “உங்கப்பா வாயாலதான சொல்லுவாரு, அதை நாங்க எதுக்குப் பிடிச்சு வைக்கணும்?” என்றார்.

கடைசியில் மார்க்கெட் வாசலில் வெங்காய ஆட்டோ. டிரைவர் சங்கிலிப்பாண்டி அண்ணனுக்கு அப்பா இலவசமாகப் பேசிக் கொடுத்தது. நான் தூரத்தில் வரும்போதே கேட்டுவிட்டது.

“வாங்கம்மா வாங்க! பல்லாரி வெங்காயம், பாக்க அழகு, உரிக்க லேசு! அழுக வைக்காத வெங்காயம் ஆட்டோவுல வந்திருக்கு!”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவர் திட்டிவிட்டுப் போனார்.

சங்கிலிப்பாண்டி அண்ணன் என் போனில் ஏற்றித் தந்தார். “எங்க போனாலும் இந்தக் குரலுக்குத்தான்மா பொம்பளைங்க வெளிய வாராக. என் மூஞ்சிக்கு ஒருத்தியும் வரமாட்டா.” வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒரு பை வெங்காயம் கொடுத்தார்.

வீட்டில் போட்டுக் காட்டவில்லை. வெங்காயத்தை மட்டும் அடுப்படியில் வைத்தேன்.

ஜூன் 18, புதன்

வேலை கிடைத்துவிட்டது. மெயில் வந்தது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா கேட்பார்.

ஜூன் 19, வியாழன்

நிவேதன் சார் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். என் தேர்வின் பதிவு. புதிதாகச் சேருபவர்களுக்கு எப்படி நிறுவுவது என்று காட்ட இதைத்தான் போடப்போகிறார்களாம். ‘வெரி கிளீன் ஒர்க்’ என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன்.

கேட்டிருக்கிறது. கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்தில், தெளிவாக. மூன்றில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் பெயர் அப்பா, இருந்தாலும் தொடரலாமா. ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.

வீடியோவில் என் விரல் வந்து ஒய்-யை அழுத்துகிறது. யோசிக்கவே இல்லை. பொய்க் கணினியிலும் இரண்டாம் தடவையிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும். அதற்கும் ஒய் என்றே மனப்பாடம் செய்திருந்தேன்.

பின்னால் மூலையில் வெள்ளைச் சட்டையின் ஓரம் தெரிகிறது. கேமராவில் படாமல்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 21, சனி

ஜெனிட்டா அக்கா வந்தாள். கம்பெனியிலிருந்து அவளைக் கேட்டார்களாம், மாரிச்செல்வி ஏன் பதில் போடவில்லை என்று. வாசலில் நின்றே சத்தமாகக் கேட்டுவிட்டாள், “ஏட்டி, வேலை கெடச்சு மூணு நாளாச்சாமே! சொல்லவே இல்ல?”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டார். கொஞ்ச நாளாகத் தானாக எழுவதில்லை. சிலேட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘பெரியோர்களே, தாய்மார்களே! மாரியப்பன் மகள் உத்தியோகம் ஏறினாள்!’ அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தெருவில் போகிறவர்களுக்குக் காட்டினார். எதிர்வீட்டுப் பெரியம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏ மைக்கு! சீனி எங்க?” என்று கத்தினாள்.

உள்ளே வந்ததும் சிலேட்டைத் துடைத்து ஒரே ஒரு சொல் எழுதினார். ‘போடு.’

“லேப்டாப் சார்ஜர் போயிருச்சுப்பா. நாளைக்கு வாங்கியாறேன்” என்றேன்.

நம்பித் தலையாட்டினார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அப்பா ஆட்டோவை மூடியிருந்த தார்ப்பாயை எடுக்கச் சைகை காட்டினார். தை மாதத்துக்குப் பிறகு இன்றுதான். ஆம்ப்ளிஃபயரைத் துணியால் துடைத்தார். பேட்டரி செத்திருந்தது. ராஜகனி அண்ணன் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பிச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி வரவழைத்தார். ஒவ்வொரு ஒயரையும் மாட்டிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

வீட்டுக்குள் கேட்பதற்கு எதற்கு இவ்வளவு என்று அம்மா கேட்டாள். அவர் இரண்டு கூம்புகளையும் கையால் காட்டினார். தெருவுக்கே போடப்போகிறாராம்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். “ஏன் இழுத்தடிக்க தாயி? போட்டுரு. ஆனி முடியிற வரைக்கும் இருந்தாப் பெரிசுன்னுட்டாரு டாக்டரு.” சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். உரித்து முடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். அம்மா வேலைக்குப் போகவில்லை, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆட்டோவின் பின் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அது இல்லப்பா. அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சேன். தேர்வன்னைக்கு.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து முன்னால் குனிந்தார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி. கணினி கேட்டது என்பதையும், நான் ஒய் அடித்தேன் என்பதையும்.

அப்பாவின் கழுத்துத் துணி ஏறி இறங்கியது. பிறகு விரலை உதறினார், எதுவுமே இல்லையா என்று. நான் போனை எடுத்து, மிச்சமிருந்ததைப் போட்டேன். வாங்கம்மா வாங்க. பல்லாரி வெங்காயம். உரிக்க லேசு.

முழுவதும் கேட்டார். சிலேட்டை எடுத்து எழுதினார்: ‘கடைசியில் வெங்காயம்தான் மிச்சமா?’

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

“நீங்க எழுதிக் குடுங்கப்பா. என்ன சொன்னீங்களோ அதை எழுதுங்க. நான் படிச்சுக்கிடுதேன்.”

பல்பத்தைப் பிடித்தார். ஒரு வரி எழுதினார். படிப்பதற்குள் உள்ளங்கையால் அழித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் அழித்தார். அப்பா அறிவிப்புகளைக்கூட எழுதிவைத்துப் பேசியவர் இல்லை. மைக்கைப் பிடித்தால்தான் அவருக்குச் சொல் வரும். சிலேட்டைக் கீழே வைத்தார்.

முன்னால் குனிந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். தலைக்கு மேல் கூம்புகள் இரைந்தன. மைக்கை எடுத்தார். எப்போதும் செய்வது போல அதன் தலையில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். ‘டொக், டொக்’ என்று தெருக்கோடி வரைக்கும் போனது. பிறகு உதட்டருகே வைத்துப் பேச ஆரம்பித்தார்.

சத்தமில்லை. இரைச்சல் மட்டும். நடுநடுவே கழுத்துத் துளையிலிருந்து காற்று சீறுவது மைக்கில் விழுந்து பெரிதாகக் கேட்டது. அப்பா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, இடது கையை நீட்டி, எந்த இடத்தில் இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்து, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திப் பேசினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பம் மட்டும் தெரிந்தது. அன்பார்ந்த பொதுமக்களே. வருடக்கணக்காக அந்த உதடுகள் அப்படித்தான் தொடங்கும். என்னிடம் சொல்வதையும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் உதடு நடுங்கிக் கொஞ்சம் நின்று மறுபடி தொடர்ந்தது. நான் எங்கே சிரிக்க வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று தெரியாமல் அவர் முகம் போனபடி என் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தார். வேர்த்து ஊற்றியது. என்னைப் பார்த்தார். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். கேட்டுச்சா?

தலையாட்டினேன்.

அவருக்கு அது போதவில்லை. மைக்கை என் கையில் கொடுத்தார். பிடி சூடாக இருந்தது. மேலே இரண்டு கூம்புகளும் இரைந்துகொண்டே இருந்தன.

“கேட்டுச்சுப்பா” என்றேன்.

என் குரல் கூம்புகளிலிருந்து வெளியே போனது. அவ்வளவு பெரிதாக அதை நான் கேட்டதில்லை. கொல்லையிலிருந்து அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டில் கதவு திறந்தது. தெருக்கோடியில் சைக்கிளில் போன யாரோ காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“எல்லாம் கேட்டுச்சுப்பா.”